புகார்ப்பெட்டியின் வரலாறு: இந்திய வளாகங்களில் பகடிவதையும் பாகுபாடும்

கல்லூரி வளாகத்துக்குள் ஒரு மாணவர் துன்புறுத்தப்படுவதைத் தடுப்பதற்கென்று பல்கலைக்கழக மானியக் குழு இயற்றிய விதிமுறைகளுள் இரண்டை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று, 2009ஆம் ஆண்டின் பகடிவதைத் தடுப்பு விதிமுறை. மற்றொன்று, 2012ஆம் ஆண்டின் சமத்துவ மேம்பாட்டு விதிமுறை. இரண்டையும் வெளியிட்டது ஒரே அமைப்பு. இரண்டுக்கும் அதிகாரம் அளித்தது 1956ஆம் ஆண்டின் ஒரே சட்டம். இடைவெளி மூன்றே ஆண்டுகள். ஆயினும் முதலாவதைக் கேள்விப்படாத மாணவர் இன்று அநேகமாக இல்லை. தானும் பெற்றோரும் உறுதிமொழி கொடுத்துத்தான் அவர் வளாகத்துக்குள் நுழைகிறார். இரண்டாவதைப் பற்றி விசாரித்தால், மூத்த பேராசிரியர்கள் சிலரே "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஒன்று ஏன் வேர்பிடித்தது, மற்றொன்று ஏன் காகிதத்தோடு நின்றது என்னும் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். பதிவு நீளமானது, பொறுமையுள்ள நண்பர்கள் படிக்கலாம்.

சேரன்மாதேவி குருகுலத்துப் பந்தி விவகாரம் தமிழ் வாசகர் அனைவரும் அறிந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பாகவே கல்கத்தாவில் அதே காட்சி அரங்கேறியிருக்கிறது. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு கடை வைத்திருந்தவரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாகா, 1911இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். பின்னாளில் விண்மீன்களின் நிறமாலையை விளக்கிய அயனியாக்கச் சமன்பாட்டால் உலகப் புகழ் பெற்றவர் அவர்தாம். விடுதியின் உணவுக்கூடத்தில் அவரோடு அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். 1918இல் அம்பேத்கர் பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவர். ஆசிரியர் அறையில் வைத்திருந்த பொதுப்பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். 

இவ்விரு நிகழ்ச்சிகளும் வாழ்க்கை வரலாற்று நூல்களில்தான் பதிவாகியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்குக் கல்லூரிக் கோப்புகளில் இடமில்லை. சாகாவும் அம்பேத்கரும் பெரியவர்களாக வளர்ந்ததால் அவர்கள் பட்டது நமக்குத் தெரிகிறது. அதே பந்தியிலிருந்து எழுப்பப்பட்டு, படிப்பை விட்டு ஊர் திரும்பிய மாணவர்களுக்கு வரலாறு இல்லை. புகார் கொடுக்க ஓர் இடமில்லாதபோது ஆவணமும் உருவாவதில்லை. ஆவணம் இல்லாதபோது "எங்கள் வளாகத்தில் அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. இந்த வாதத்தை நூறாண்டுகளுக்குப் பின்னும் கேட்கிறோம்.

விடுதலைக்குப் பிறகு சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயற்படுத்த 1955இல் ஒரு சட்டம் வந்தது. இன்று அது குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப்படுகிறது. அதன் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் கல்வி நிலையங்களிலும் அவற்றோடு இணைந்த விடுதிகளிலும் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு நில்லாமல், அனுமதித்த பிறகு உள்ளே பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. வாசலைத் தாண்டியபின் நடப்பதைப் பற்றி நம் சட்டங்கள் யோசிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு, அது சரியன்று. 1955லேயே யோசித்திருக்கிறார்கள். யோசிக்காமல் விட்டது வேறொன்று. பதினெட்டு வயது மாணவர் ஒருவர் தமக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்மீதோ, ஒரே அறையில் தங்கியிருக்கும் சக மாணவர்மீதோ காவல் நிலையத்தில் போய்க் குற்றம்சாட்ட முடியுமா என்னும் கேள்வி அது. காவல் நிலையத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே ஒரு படிக்கட்டு தேவை. அந்தப் படிக்கட்டைக் கட்ட நாம் இன்னும் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டோம்.

இடையில் வளாகத்து வெறுப்பு வளாகத்தோடு நிற்காது என்பதற்கு மராத்வாடா சான்று. அவுரங்காபாத்தில் 1958இல் தொடங்கிய மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் 1978 ஜூலை 27 அன்று தீர்மானம் நிறைவேற்றின. அந்நகரில் மிலிந்த் கல்லூரியை நிறுவி, அப்பகுதித் தலித் மக்களின் முதல் பட்டதாரித் தலைமுறைக்கு வழி திறந்தவர் அம்பேத்கர். ஆகவே கோரிக்கையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தீர்மானம் வந்தவுடன் மாணவர் போராட்டமாகத் தொடங்கிய எதிர்ப்பு, சில நாள்களிலேயே கிராமங்களுக்குப் பரவித் தலித் குடியிருப்புகள்மீதான தாக்குதலாக மாறியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. எரிந்த வீடுகளின் சொந்தக்காரர்களுள் பலர் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள். பெயர்மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1994 ஜனவரி 14 அன்று, பழைய பெயரையும் விடாமல் புதிய பெயரையும் சேர்த்து 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்' என்று ஒரு சமரசம் செய்தார்கள். இவ்வளவு பெரிய நிகழ்வையும் அரசு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்த்தது. வகுப்பறையில் ஒன்றாக அமர்ந்திருந்த மாணவர்களிடையே இவ்வெறுப்பு எவ்வாறு வளர்ந்தது, பல்கலைக்கழகம் அதைக் கண்டுகொள்ள வழி என்ன என்று நாடு முழுமைக்குமான ஏற்பாடு எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை.

அந்த ஏற்பாடு வேறொரு வாசல் வழியாக வந்தது. அதில் தமிழகத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். அன்று நாளிதழ் படித்த தலைமுறைக்கு அந்தக் கொடூரத்தை விவரிக்கத் தேவையில்லை. சில வாரங்களிலேயே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் அது தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் ஆயிற்று. மகாராஷ்டிரம் 1999இல் இயற்றியது. 2001இல் விசுவ ஜாக்ருதி மிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் வழங்கியது. பயனில்லை என்று கண்டு, 2006இல் முன்னாள் மத்தியப் புலனாய்வுத் துறை இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்தது. அக்குழு 2007இல் அறிக்கை தந்தது. அதைச் செயற்படுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரும் 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் தாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்னும் முதலாண்டு மாணவர் மூத்த மாணவர்கள் அடித்ததால் இறந்தார். இரண்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. மூன்றாம் மாதம், 2009 ஜூனில், மானியக் குழுவின் விதிமுறை வந்துவிட்டது.

அந்த விதிமுறையைப் படித்தால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியும். மாணவருக்காக என்பதைவிட முதல்வருக்காக என்றே சொல்வேன். குற்றம் நடந்தது என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்வது நிறுவனத் தலைவரின் கடமை. தவறினால் அவரே பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தலாம், அங்கீகாரத்தில் கைவைக்கலாம். இரவில் விடுதிகளைச் சுற்றிவரும் கண்காணிப்புப் படை உண்டு. நாடு முழுமைக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. புகார் கொடுப்பவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அமனின் தந்தை தொடங்கிய அறக்கட்டளை பல ஆண்டுகள் கண்காணிப்புப் பணியையும் ஏற்று நடத்தியது. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் ஒழுங்குமுறை அமைப்பின் உள்ளேயே உட்கார்ந்து கணக்குக் கேட்டது. இந்திய நிர்வாக வரலாற்றில் இது அரிதான ஏற்பாடு.

பகடிவதை ஒழிந்துவிட்டதா? இல்லை, ஆண்டுதோறும் செய்தி வருகிறது. ஆனால் "இது எங்கள் மரபு, சும்மா விளையாட்டு" என்று எழுபதுகளில் பேராசிரியர்களே பெருமையாகப் பேசியதை இன்று எந்த முதல்வரும் பொதுவெளியில் பேச முடியாது. ஒரு வழக்கத்தின் மதிப்பு தலைகீழானது. அதுவே பெரிய காரியம்.

இனி மற்றொரு பாதை. ராகவன் குழு பணிபுரிந்த அதே மாதங்களில் டெல்லியில் இன்னொரு குழு பணிபுரிந்துகொண்டிருந்தது. 2006இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு என்று மத்திய அரசு அறிவித்தபோது, எதிர்ப்புப் போராட்டத்தின் மையமாக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் விளங்கியது. அங்குப் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்ற செய்திகளையடுத்து, அப்போது மானியக் குழுத் தலைவராக இருந்த சுகதேவ் தோரட் தலைமையில் மூவர் குழுவை அரசு 2006 செப்டம்பரில் அமைத்தது. அறிக்கை 2007 மே மாதம் வந்தது. ராகவன் அறிக்கையும் அதே மாதந்தான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கலாம்.

தோரட் குழுவிடம் பேசிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுள் 72 விழுக்காட்டினர் வகுப்பறைக் கற்பித்தலிலேயே ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டை உணர்ந்ததாகக் கூறினர். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தமக்கு நியாயம் கிடைப்பதில்லை என்றனர் பெரும்பாலானோர். விடுதியில் தொல்லை பொறுக்காமல் ஒவ்வொருவராக அறை மாறி மாறி, கடைசியில் ஒதுக்கீட்டு மாணவர்கள் குறிப்பிட்ட சில தளங்களில் ஒன்றுகூடிவிட்டதைக் குழு பதிவு செய்தது. யாரும் 'இது உங்கள் சேரி' என்று பலகை மாட்டவில்லை. ஆனாலும் சேரி உருவாகிவிட்டது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியில், இருபத்தோராம் நூற்றாண்டில். நிறுவன நிர்வாகம் அறிக்கையை ஏற்க மறுத்தது.

ராகவன் அறிக்கைக்கு இரண்டே ஆண்டில் விதிமுறை பிறந்தது. தோரட் அறிக்கைக்குப் பின் ஐந்தாண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில், 2008 பிப்ரவரியில், சேலத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட சமூகத்திலிருந்து ஆராய்ச்சிப் படிப்புவரை வந்தவர். பல்கலைக்கழகம் பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் குழு அமைத்தது. ஆய்வு நெறியாளரை ஒதுக்குவது போன்ற நடைமுறைகளில் அத்துறையில் தெளிவான விதி இல்லை என்பதும், அதன் சுமை ஒதுக்கீட்டு மாணவர்மீதே விழுந்தது என்பதும் அக்குழு சுட்டிய செய்திகள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இங்கு யாரும் யாரையும் அடிக்கவில்லை. வசைச்சொல்கூடத் தேவைப்படவில்லை. நெறியாளர் கிடைக்காமல் மாதக்கணக்கில் ஒருவரை நடைவழியில் நிற்க வைத்தாலே போதும்.

2012 விதிமுறை இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் வரையறைப் பகுதி இந்திய நிர்வாக ஆவணங்களில் மிக நுட்பமான ஒன்று. வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அழைப்பது, 'ஒதுக்கீட்டு ஆள்' என்று முத்திரை குத்துவது, விடைத்தாளை வேறுபடுத்தி மதிப்பிடுவது, உதவித்தொகையைத் தாமதப்படுத்துவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒதுக்கி வைப்பது என்று அன்றாட வாழ்வின் சிறிய வன்முறைகளைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் தோரட் அறிக்கையை நன்றாகப் படித்தவர்கள் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

நோயை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் மருந்து எழுதும் பக்கத்துக்கு வந்தபோது கை நடுங்கிவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு சம வாய்ப்புப் பிரிவு. பேராசிரியர் நிலையிலுள்ள ஒரு பாகுபாடு எதிர்ப்பு அலுவலர். புகாரை 60 நாள்களுக்குள் அவர் முடிக்க வேண்டும். நிறைவில்லை என்றால் 90 நாள்களுக்குள் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அலுவலரை நியமிப்பவர் யார்? நிறுவனந்தான். மேல்முறையீட்டைக் கேட்பவர்? அந்நிறுவனத்தின் தலைவர். புகாரே நிறுவனத்தின்மீது என்றால்? அதற்கு அங்கே விடையில்லை. விதியைப் பின்பற்றாத நிறுவனத்துக்கு என்ன தண்டனை என்பதும் சொல்லப்படவில்லை. அங்கே 24 மணி நேரம், இங்கே 60 நாள். அங்கே முதல்வரின் நாற்காலிக்கே ஆபத்து, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை.

இந்த வேற்றுமைக்கு ஒரு காரணத்தைப் பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். பகடிவதைக்கு ஆளாகும் மாணவரை நினைக்கும்போது நீதிபதிக்கும் அமைச்சருக்கும் துணைவேந்தருக்கும் தம் பிள்ளையின் முகம் நினைவுக்கு வருகிறது. நாவரசு துணைவேந்தரின் மகன். பாகுபாட்டுக்கு ஆளாகும் மாணவரை நினைக்கும்போது அவர்களுக்கு வேறு யாரோ ஒருவர் பிள்ளையின் முகந்தான் வருகிறது. போதாக்குறைக்கு, குற்றம்சாட்டப்படுபவர் இடத்தில் தம் பிள்ளை நிற்பதாகவும் தோன்றுகிறது. ஆகவேதான் முதல் விதிமுறையில் 'பொய்ப்புகார் வந்தால் என்ன செய்வது' என்னும் கவலை பெரிதாக எழவில்லை. இரண்டாவதில் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே கவலை முன்னால் வந்து நிற்கிறது. நிர்வாகிகள் எல்லாரும் தீயவர்கள் என்பதல்ல என் வாதம். பரிவுக்கும் எல்லைக்கோடு உண்டு, அக்கோடு சட்டத்தின் வாசகத்தில் போய்ப் பதிகிறது என்பதே.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தார். அதற்கு முன்னர் அவரும் மற்ற நான்கு தலித் ஆய்வாளர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். அவருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. செந்தில்குமார் இறந்து எட்டாண்டு, அதே வளாகம். 2012 விதிமுறை அங்கும் நடைமுறையில்தான் இருந்தது. மத்திய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம் பல்கலைக்கழகத்தின்மீது பிழையில்லை என்று கூறியதோடு, அவர் தலித்தா இல்லையா என்னும் ஆராய்ச்சியிலும் இறங்கியது. ஒரு மாணவர் வளாகத்தில் எவ்வாறு நடத்தப்பட்டார் என்னும் கேள்வி, அவருடைய தாயின் சாதிச் சான்றிதழ் செல்லுமா என்னும் கேள்வியாக உருமாறியது. அந்த உருமாற்றமே தனியே ஆராயத்தக்கது.

அதே ஆண்டு ஜூனில், அதிகம் பேசப்படாத ஒன்று நடந்தது. மானியக் குழு பகடிவதை விதிமுறையைத் திருத்தியது. நிறம், இனம், மதம், சாதி, பாலினம், பாலீர்ப்பு, தோற்றம், நாடு, வட்டாரம், மொழி, பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றின் பேரால் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் பகடிவதையே என்று வரையறை விரிந்தது. அதாவது, உலகில் பிற நாடுகள் வெறுப்புக் குற்றம் என்று தனியே பெயரிட்டு அழைப்பதை, நாம் பகடிவதை என்னும் பழைய வீட்டில் ஒரு புதிய அறையாகக் கட்டிச் சேர்த்தோம். உயிருள்ள விதிமுறையின் நிழலில் உயிரற்றதை ஒதுக்கிவிட்டோம் என்றும் கொள்ளலாம். ஆனால் அதன் வரம்பு 'மாணவர் மாணவரை' என்பதோடு நிற்கிறது. நெறியாளர் செய்தால் அது பகடிவதை ஆகாது.

இந்த விரிவாக்கம் சாதிக்கு மட்டும் உரியதன்று. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியம் டெல்லி லாஜ்பத் நகரில், தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் அமைந்த பெஸ்பரூவா குழு, இனவெறுப்புச் சொல்லையும் செயலையும் தனிக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தில் இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அவை சேர்க்கப்படவில்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பல மாநிலங்களில் காசுமீர மாணவர்கள் விடுதிகளிலிருந்தும் வாடகை வீடுகளிலிருந்தும் விரட்டப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் ஒரு வாரத்தில் தலையிட்டு, கும்பல் வன்முறையைத் தடுக்க ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருந்த காவல்துறைப் பொறுப்பு அலுவலர்களே இதையும் கவனிக்க ஆணையிட்டது. 2023இல் வந்த பாரதிய நியாய சம்ஹிதையில், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், சாதி, மொழி முதலியவற்றின் பேரால் செய்யும் கொலைக்குத் தனிப்பிரிவு வந்துவிட்டது. அதே பேரால் கூட்டாகச் சேர்ந்து கொடுங்காயம் விளைவிப்பதற்கும் உண்டு; அதற்கு முந்தைய படிகளுக்கு இன்னும் இல்லை.

2019 மே 22. மும்பை நாயர் மருத்துவமனையோடு இணைந்த தோபிவாலா மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி பாயல் தத்வி இறந்தார். தத்வி பில் என்னும் இசுலாமியப் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். மூத்த மாணவியர் மூவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் மகாராஷ்டிரப் பகடிவதைத் தடைச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவாயிற்று. வழக்கின் முடிவை நீதிமன்றந்தான் சொல்ல வேண்டும். வரலாற்று நோக்கில் இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு பாதைகளும் முதன்முறையாக நாடறிந்த ஒரு வழக்கில் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன என்பது. பகடிவதையா, சாதிக்கொடுமையா என்று பிரிக்க முடியாத ஒன்றுக்கு இரண்டு பெயர்கள்.

மூன்று மாதம் கழித்து, ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் ஆபெதா சலீம் தத்வியும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தனர். இழப்பீடு கேட்டல்ல; 2012 விதிமுறையைச் செயற்படுத்துங்கள் என்று கேட்டு. அமனின் தந்தை பத்தாண்டுகளுக்கு முன் நின்ற இடத்தில் இந்தத் தாய்மார் வந்து நின்றார்கள். வேறுபாடு, காத்திருப்பில். 2009இல் மரணத்துக்கும் விதிமுறைக்கும் இடையே மூன்று மாதம். இம்மனு உயிர்பெற்று, நீதிமன்றம் மானியக் குழுவிடம் விவரம் கேட்டது 2025 ஜனவரியில்.

அப்போது வெளிவந்த புள்ளிவிவரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 704 பல்கலைக்கழகங்களும் 1553 கல்லூரிகளும் தந்த தகவலின்படி, சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2019-20இல் 173, 2023-24இல் 378. ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை 1160. இரு மடங்கானதைத்தான் நாளிதழ்கள் தலைப்பாக்கின. எனக்கு உறைத்தது வேறு: 2257 நிறுவனங்கள், ஐந்து ஆண்டுகள், நிறுவனம் ஒன்றுக்குச் சராசரி அரைப் புகார். லட்சக்கணக்கான மாணவர் பயிலும் இடங்களில் பாகுபாடு இவ்வளவு குறைவு என்று நம்புவோர் நம்பலாம். சிடனம் கல்லூரிக் கோப்பிலும் தண்ணீர்ப்பானை பற்றிய புகார் இருந்திருக்காது.

புகார் பெருக வேண்டுமா, குறைய வேண்டுமா என்னும் கேள்விக்கு மூன்றாவதொரு முன்மாதிரி நம்மிடமே இருந்தது. விசாகா தீர்ப்பையடுத்து ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999இல் அமைந்த பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான குழுவில் மாணவர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வந்தார்கள். அங்கு வந்த புகார்களின் எண்ணிக்கை அதிகம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. நம்பிக்கை இருந்த இடத்தில் புகார் வந்தது என்பதே என் வாசிப்பு. 2017இல் அந்தக் குழு கலைக்கப்பட்டு, நிர்வாகம் நியமிக்கும் உள்ளகக் குழு வந்தது. பாகுபாட்டு வழக்கில் யாரும் இந்தத் தேர்தல் வழியைப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. பகடிவதை விதிமுறையின் பலம் அச்சம்; அந்தக் குழுவின் பலம் நம்பிக்கை. அடிதடியைத் தடுக்க அச்சம் போதும். நெறியாளர் கையொப்பமிடாமல் இழுத்தடிப்பதைக் கண்டுபிடிக்க, மாணவர் வந்து வாய்திறக்க வேண்டும்; அதற்கு அச்சம் உதவாது.

2026 ஜனவரி 13 அன்று மானியக் குழு புதிய சமத்துவ விதிமுறையை அறிவித்தது. அதன் உறுப்புகளைப் பாருங்கள்: 24 மணி நேர உதவி எண், ரோந்து வரும் சமத்துவப் படை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கூட வேண்டிய குழு, 15 வேலை நாள்களில் அறிக்கை, நிறுவனத்துக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, மீறும் நிறுவனத்துக்குத் தண்டனை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் பகடிவதைக்கு எழுதியதில் பெரும்பகுதி இப்போதுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இதர பிற்படுத்தப்பட்டோரும் பாதுகாப்பு வட்டத்துக்குள் சேர்க்கப்பட்டனர். சாதிப் பாகுபாடு என்பதைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு எதிரானதாக மட்டும் வரையறுத்தது ஏன் என்று பொதுப்பிரிவு மாணவர்கள் வட மாநிலங்களில் போராடினர். பொய்ப்புகாருக்குத் தண்டனை இல்லையே என்னும் பழைய கவலையும் திரும்பி வந்தது. ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வாசகம் தெளிவற்றது, தவறாகப் பயன்படக்கூடும் என்று கருதி இடைக்காலத் தடை விதித்தது. பழைய விதிமுறையில் இருந்த பகடிவதை என்னும் சொல் புதியதில் ஏன் விடுபட்டது என்பதும் நீதிமன்றம் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. பதினாறு நாள் உயிரோடிருந்த விதிமுறை.

ஆகவே அந்த இடைக்கால ஆணைப்படி வளாகங்களில் செல்லுபடியாவது 2012 விதிமுறையே. அது தண்டிக்காவிட்டாலும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க ஒவ்வொரு நிறுவனத்தையும் கடமைப்படுத்துகிறது. உங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்று இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பதிவாளருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். புகாரை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 60 நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். துன்புறுத்துபவர் சக மாணவர் என்றால் 2016 திருத்தத்தைச் சுட்டிப் பகடிவதைத் தடுப்புக் குழுவுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அங்கே கணக்கு 24 மணி நேரம்.